டி.வி. மேல் அப்பாவின் வேட்டி

நம் வயதுக்காரர்கள் வீட்டில் ஒரு காலத்தில் வீடியோ டெக் இருந்தது. சொந்தமாக இல்லாவிட்டாலும் வாடகைக்காவது வந்து போயிருக்கும். காசெட்டை வாயில் வைத்தால் 'களக்' என்று இழுத்துக்கொள்ளும். ஓடி முடிந்து வெளியே எடுத்தால் காசெட் இளஞ்சூடாக இருக்கும். அந்தச் சூட்டைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தது நான் மட்டுமாக இருக்க முடியாது.

எங்கள் வீட்டு டெக்கில் ஓடிய உடற்பயிற்சிக் காசெட்டுகளைப் பற்றியும் எங்கள் அத்தையைப் பற்றியும் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். நான் அதிகம் படித்தவள் இல்லை. பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, ஞாபகம் வருகிறபடி எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் எங்கள் போர்ஷன். ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையலறை. கூடத்தின் கிழக்குச் சுவரில் சாமி மாடம். எதிர்ச் சுவரில்தான் பிளக் பாயின்ட் இருந்தது, ஆகவே டி.வி.யும் டெக்கும் அங்கே. சாமியும் டி.வி.யும் எந்நேரமும் முகத்துக்கு முகம் பார்த்தபடி இருக்கும். வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு ஓடும்போது அப்பா எழுந்துபோய் மாடத்து விளக்கைத் தூண்டிவிட்டு வருவார். அது ஒரு மாதிரி மன்னிப்பு.

அப்பாவுக்குக் கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் வேலை. சாமான் அறைப் பொறுப்பு. நாள் முழுக்க ஆட்டமும் பாட்டும் நடக்கிற இடத்தில் இருந்துவிட்டு வருகிறவர், வீட்டில் அம்மாவின் தலைப்பு நழுவினால் தொண்டையைக் கனைப்பார்.

அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். அந்த ஆனி மாதம் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம். மாப்பிள்ளை சர்க்கார் உத்தியோகம். அத்தையைப் பாடச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றினால் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி பாடியவள்தான். அன்று குரல் கம்மி, கரகரவென்று நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியின் எண்ணெயைக் காகிதத்தில் ஒற்றிக்கொண்டே சொன்னார்:

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. கொஞ்சம் பூசினாப்பல இருக்கா, அவ்ளோதான். ஆடி வருது. தை பொறக்கட்டும், மறுபடி வந்து பாக்கறோம்."

தைக்குள் இளைத்தால் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை. ஐந்தாவது படிக்கிற எனக்கே அது புரிந்தது.

அன்றிலிருந்து வீடே அத்தையை இளைக்க வைக்கக் கிளம்பியது. அம்மா சோற்றைக் குறைத்தாள். வெள்ளிக்கிழமை விரதம் வைத்தார்கள். சாயங்காலம் கோயில் பிரகாரத்தைச் சுற்றச் சொன்னார்கள். அத்தை இரண்டு சுற்று சுற்றுவதற்குள் கொடிமரத்தருகே உட்கார்ந்துவிடுவாள். மத்தியானம் தூங்குவாள், எழுந்தால் மறுபடி தூக்கம் வரும் என்பாள். தலை வாரினால் சீப்பு நிறைய முடி. மெட்ராஸ் வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரே மனுஷி எங்கள் அத்தையாகத்தான் இருக்கும்.

"குளுரா? ஆடி மாசத்துல குளுரா உனக்கு?" என்பார் அப்பா. "எல்லாம் சோம்பல். உடம்பு வளையல. குரலும் அதான், சாமிகிட்ட மனசு இல்ல."

"முடியல அண்ணா" என்று அத்தை ஒரு தடவை சொன்னாள். "முடியாதுன்னு ஒக்காந்தா எப்படி முடியும்?" என்றார் அப்பா.

பட்டினி கிடந்தும் அவள் இளைக்கவில்லை. முகம்தான் இன்னும் கொஞ்சம் உப்பியது. ஒளித்துவைத்துச் சாப்பிடுகிறாளோ என்று அம்மா சர்க்கரை டப்பாவை மேல் பரணில் ஏற்றினாள்.

ஆவணியில் துபாயிலிருந்து வந்த என் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு அட்டைப்பெட்டி கொடுத்தார். உள்ளே மூன்று காசெட்டுகள். பெட்டி மேல் ஒரு வெள்ளைக்காரம்மா ஒரு காலைக் காதுவரை தூக்கிக்கொண்டு சிரித்தபடி நின்றார். போட்டிருந்தது நீச்சல் உடை மாதிரி ஒன்று, பளபளவென்று, மிட்டாய் ரோஸ் நிறம். "அங்கெல்லாம் லேடீஸ் வீட்டுக்குள்ளயே இத பாத்துதான் பண்றாங்கக்கா. மூணே மாசம்" என்றார் மாமா.

அப்பா பெட்டியைத் திருப்பி மாடத்துக்கு முதுகு காட்டும்படி வைத்தார்.

"இது இந்தக் கூடத்துல ஓடாது. சாமி எதிர்லயே இருக்காரு."

பக்கத்துப் போர்ஷன் மாமி அப்போது உறை மோர் வாங்க வந்திருந்தார். மடிசார்க்காரர், முட்டி வலிக்காரர், வாய் மட்டும் வலிக்காதவர். "ஏன் சார், ஸ்டூடியோவுல நீங்க பாக்காததா?" என்றார்.

"அது வேலை மாமி. இது வீடு."

"அப்ப சாமிக்கு ஒரு திரை போட்டுட்டா?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா அம்மாவை வெறித்துப் பார்த்தார். "திரை போட்டா உள்ள அலங்காரம் நடக்குதுன்னு அர்த்தம். உள்ள அலங்காரம் நடக்கறப்ப வெளிய இவ குதிப்பாளா?"

ஆனால் தை மாதமும் வந்துகொண்டே இருந்ததே. அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கொடியில் காய்ந்த தன் பழைய நாலு முழ வேட்டியை உருவிக்கொண்டு வந்து டி.வி.யின் மேல் போட்டு, நான்கு பக்கமும் இழுத்துச் சரிசெய்தார்.

"சத்தம் மட்டும் வரட்டும். கேட்டுப் பண்ணு."

அந்த அம்மா பேசிய இங்கிலீஷ் எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. தடதடவென்று ஒரு சங்கீதம், நடுவில் "ஊ" என்று ஒரு கூச்சல். அத்தை வேட்டியைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். சின்னக் குழந்தை பார்த்தால் தோஷமில்லை. நான் வேட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு, உள்ளே நடப்பதை வெளியே சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், விளக்கேற்றும் நேரத்துக்கு முன்னால், இதுதான் என் வேலை. அப்பா வர எட்டு மணி ஆகும். வேட்டிக்குள் நீலச் சோப்பு வாசனையும் டி.வி. கண்ணாடியின் சூடும் இருக்கும். கண்ணாடியில் மூக்கு பட்டால் சுரீரென்று சின்ன மின்சாரம், முன்முடியெல்லாம் எழுந்து நிற்கும். அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொள்வாள். மாமியும் வந்துவிடுவார். "நான் சும்மா தொணைக்கு நிக்கறேன்டிம்மா, எனக்கென்ன பொண்ணு பாக்கவா வரப் போறா?" என்பார். ஆனால் அத்தைக்கு முன்னால் அவர் கைதான் மேலே போகும்.

"வலது கைய தூக்கறாங்க!" என்பேன்.

அத்தை வலது கையைத் தூக்கினால் மாமி இடது கையைத் தூக்குவார். இரண்டும் மோதிக்கொள்ளும்.

"அவளுக்கு வலதா, நமக்கு வலதாடி?"

"தெரியல மாமி. இப்ப குனியறாங்க."

"எந்தப் பக்கம்?"

"எல்லாப் பக்கமும். இப்ப சிரிக்கறாங்க."

"நாமளும் சிரிக்கணுமோ?" என்று மாமி தீவிரமாகக் கேட்டார். அத்தை தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

ஜன்னல் பக்கம் தள்ளுவண்டியை நிறுத்திய காய்க்காரம்மா ஒருநாள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, டி.வி.க்கு வேட்டி கட்டி வுட்டுகிறீங்கோ, அதுக்கும் கல்யாணமா?" என்றார். சந்து முழுக்க அந்தப் பேச்சு பரவியது.

மாமிக்கு முட்டி வலி கொஞ்சம் குறைந்தது. அத்தைக்குத்தான் ஒரு பலனும் இல்லை. மாமி நிற்கும்போதே அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். ஐம்பது வயது மாமியால் முடிகிறது, இவளால் முடியவில்லை என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். "நான்தான் சொல்றேனே" என்றார் அப்பா.

காசெட்டில் ஒவ்வொரு பகுதி முடிவிலும் ஒரு இடம் வரும். சங்கீதம் நின்றுவிடும். வெள்ளைக்காரம்மாவும் பின்னால் நிற்பவர்களும் கழுத்தில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

"கழுத்துல கை வெச்சு வாட்ச பாக்கறாங்க" என்று சொல்வேன்.

"நாழியாயிடுத்துங்கறா" என்பார் மாமி. அந்த நேரத்தில் எல்லோரும் தண்ணீர் குடிப்போம்.

புரட்டாசியில் ஒருநாள் மாமிக்குச் சந்தேகம் வந்தது. "தெனமுமா நாழியாகும்? கழுத்துல எங்கடி வெக்கறா? வெளில வந்து காட்டு, பாப்போம்."

நான் வேட்டியிலிருந்து தலையை உருவிக்கொண்டு வந்தேன். அத்தை உட்கார்ந்திருந்தாள். உயரம் சரியாக இருந்ததால் அவள் கழுத்தில் இரண்டு விரலை வைத்தேன். சரியான இடம் தெரியவில்லை. நடுவில், கொஞ்சம் கீழே வைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அத்தை எச்சில் விழுங்கினாள். என் விரலுக்கு அடியில் மெத்தென்று ஏதோ ஒன்று, நெல்லிக்காய் அளவு, மேலே போய்க் கீழே இறங்கியது.

"அத்த, உள்ள என்னமோ ஓடுது."

"சீ, கைய எடு, கூசுது."

"நெஜமா அத்த. இன்னொரு வாட்டி முழுங்கு."

மாமி வந்து அத்தையின் முகவாயை நிமிர்த்தி, தன் விரலை வைத்தார். "முழுங்குடிம்மா" என்றார். அத்தை விழுங்கினாள். மாமியின் முகத்தில் விளையாட்டு போய்விட்டது. சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏண்டி, செத்த இங்க வா" என்று அம்மாவைக் கூப்பிட்டார். வேட்டிக்குள் வெள்ளைக்காரம்மா மறுபடி ஆட ஆரம்பித்துவிட்டார். நிறுத்த வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

அப்பாவிடம் சொன்னபோது அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "கல்யாணம் பேசற நேரத்துல டாக்டர் கிளினிக் வாசல்ல பொண்ணு நின்னான்னு ஒருத்தன் பாத்தா போதும். தை வரைக்கும் ஒண்ணும் வேணாம். அம்பாள் பாத்துப்பா."

மறுநாள் அம்மா அத்தையையும் என்னையும் கோயிலுக்கு அழைத்துப் போனாள். அம்பாள் சன்னதியில் குங்குமம் வாங்கிக்கொண்டோம். வெளியே வந்து வீட்டுப் பக்கம் திரும்பாமல் ஆழ்வார்பேட்டை பஸ்ஸில் ஏறினோம். "கோயிலுக்குப் போனோமா இல்லையா?" என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அங்கே ஒரு லேடி டாக்டர். அத்தையின் கழுத்தை முன்னாலிருந்து பார்த்தார், பின்னால் நின்று தடவினார், விழுங்கச் சொன்னார். பிறகு கேட்க ஆரம்பித்தார்.

"ரொம்ப குளுருதாம்மா?"

"ஆமா டாக்டர்."

"எப்பவும் தூக்கம் வருமா?"

"ஆமா."

"முடி கொட்டுதா? குரல் மாறியிருக்கா? கொஞ்சமா சாப்ட்டாலும் எடை ஏறுதா?"

அத்தை தலையை மட்டும் ஆட்டினாள். வீட்டில் எதற்கெல்லாம் திட்டு வாங்கினாளோ, அதையெல்லாம் ஒன்றுவிடாமல் முன்பின் தெரியாத ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தையின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளாமலே கேட்டாள்:

"அப்ப இது சோம்பல் இல்லையா டாக்டர்?"

"யார் சொன்னது சோம்பல்னு?"

அம்மா கையிலிருந்த குங்குமப் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள். காகிதம் கிழிந்து விரலெல்லாம் சிவப்பு.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு என்றார்கள். அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் அதற்கு முன் கேட்டதில்லை. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை, ஆயுசுக்கும். "எக்சர்சைஸ் மெதுவா பண்ணட்டும். பட்டினி மட்டும் போடாதீங்க" என்றார் டாக்டரம்மா. வீட்டுக்கு வந்ததும் அம்மா முதல் வேலையாக ஸ்டூல் போட்டு ஏறி, சர்க்கரை டப்பாவைப் பரணிலிருந்து இறக்கினாள்.

அன்று இரவு அம்மா அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சண்டை வரும் என்று பாயில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். வரவில்லை. காலையில் பார்த்தால் மாத்திரை டப்பா சாமி மாடத்தில், விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்தது. "மறக்காம எடுத்துக்கணும், அதான்" என்றார் அப்பா. தினமும் குளித்துவிட்டு விபூதி பூசும்போது டப்பாவை ஒருமுறை குலுக்கிப் பார்ப்பார். தங்கையிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்ததாக எனக்கு நினைவில்லை. அந்தக் காலத்து ஆண்களுக்குக் குலுக்கிப் பார்க்கத்தான் தெரிந்தது.

ஐப்பசி, கார்த்திகை தாண்டியதும் ஸ்வெட்டர் டிரங்குப் பெட்டிக்குப் போய்விட்டது. மார்கழியில் விடியற்காலைக் குளிரில் அத்தை கோலம் போட்டாள், பாடினாள். சந்து முழுக்கக் கேட்டது. முகத்து உப்பல் வடிந்து பழைய அத்தை தெரிந்தாள். வேட்டிக்குள்ளிருந்து நான் கத்த, மாமியும் அவளும் சாயங்காலம் குதிப்பதும் நடந்துகொண்டுதான் இருந்தது.

தை பிறந்தது. வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். முதல் நாள் அப்பா மாத்திரை டப்பாவை மாடத்திலிருந்து எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தார். "நாளைக்கு ஒரு நாள் இந்தப் பேச்சு வேணாம். கல்யாணம் ஆகட்டும், பக்குவமா சொல்லிக்கலாம்" என்றார். அத்தை சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா அத்தையைப் பார்த்ததும், "அட, எளச்சுட்டியே! என்ன பண்ண?" என்று வாயைப் பிளந்தார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தை வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்:

"எல்லாம் வீடியோ பாத்து எக்சர்சைஸ்ங்க. துபாய் காசெட்டு. தெனம் தவறாம பண்றா."

"வீடியோவா? கொஞ்சம் போடுங்களேன், எப்படின்னு பாப்போம். என் பொண்ணுக்கும் ஆகும்."

அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்பா அதுவரை அந்தக் காசெட்டை ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது மறுக்கவும் வழியில்லை. எழுந்துபோனார். வேட்டியை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். காசெட்டைத் தள்ளினார்.

வெள்ளைக்காரம்மா முழு உருவமாக, ரோஸ் நிறத்தில், எங்கள் கூடத்தில் காலைத் தூக்கினார். பின்னால் ஒரு வரிசையே தூக்கியது. எதிரே மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். மாப்பிள்ளை கேசரியைப் பார்த்தார். அப்பா நிறுத்துவதற்காகக் குனிந்து எந்தப் பொத்தானையோ அழுத்த, படம் சர்ரென்று ஓடி, கழுத்தில் விரல் வைக்கிற இடத்தில் வந்து நின்றது.

"இவங்க என்ன பண்றாங்க?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

அத்தை சொன்னாள். குரல் இந்த முறை கம்மவில்லை.

"நாடி பாக்கறாங்க. அங்க கை வெச்சப்பதான் என் கழுத்துல கட்டி இருக்கறது தெரிஞ்சுது. தைராய்டு. மாத்திரை சாப்படறேன், அதனாலதான் எளச்சேன். ஆயுசுக்கும் சாப்படணும்."

"ஆயுசுக்குமா?" என்றார் அந்த அம்மா. கையிலிருந்த டபராவைக் கீழே வைத்தார்.

ஊருக்குப் போய்ப் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள். அவர்கள் சொல்லி அனுப்பவே இல்லை.

வாசல் கதவைச் சாத்திவிட்டு அப்பா வந்தார். அம்மா அழ ஆரம்பித்திருந்தாள். அத்தை தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா அரிசி டிரம்முக்குப் பின்னால் கையை விட்டு மாத்திரை டப்பாவை எடுத்து, மறுபடி விபூதிக்குப் பக்கத்தில் வைத்தார். தோளில் வேட்டி அப்படியே தொங்கியது. அம்மா அதை டி.வி. மேல் போடக் கை நீட்டினாள்.

"வேணாம் விடு" என்றார் அப்பா. "சாமி எல்லாத்தையும் பாத்துட்டாரு. இனிமே மூடி என்ன?"

மறுநாள் சாயங்காலம் நான் வேட்டிக்குள் போகவேண்டியிருக்கவில்லை. அத்தையும் மாமியும் நேராகப் படத்தைப் பார்த்தே செய்தார்கள். "நாம இத்தனை நாளா எல்லாத்தையும் தலைகீழா பண்ணிருக்கோம்டி" என்றார் மாமி.

அடுத்த வருஷம் சைதாப்பேட்டையிலிருந்து ஒரு இடம் வந்தது. இந்த முறை அப்பாவே முதலில் மாத்திரை விஷயத்தைச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையாக வந்தவர் கேட்டது ஒன்றுதான்: "காலையிலயா, ராத்திரியா?" அவர்தான் எங்கள் அத்தை மாமா. இன்றைக்கும் தினமும் அத்தைக்கு முன்னால் எழுந்து, தண்ணீரும் மாத்திரையுமாக நிற்பவர்.

காசெட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்து போயிற்று. அம்மா அந்த நாடாவை உருவி, மொட்டைமாடியில் வடாம் காயும் இடத்தில் காக்காய் வராமல் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினாள். வெயிலில் மின்னிக்கொண்டு, காற்றில் விர்ரென்று சத்தம் போடும். ரோஸ் உடுப்புக்காரம்மா அதில் எங்கே இருந்தாரோ. வேட்டி நைந்து, மாடத்து விளக்கு துடைக்கும் துணியாக ரொம்ப நாள் இருந்தது.

அத்தைக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. நம் வீட்டு விசேஷங்களில் பெண்களுக்குக் கழுத்தில் சந்தனம் பூசுவோம் அல்லவா? அந்தக் கிண்ணத்தை அத்தை வேறு ஒருத்தர் கையில் கொடுக்க மாட்டாள். தானே பூசுவாள். இரண்டு விரலால் பூசி, விரலை எடுக்காமல், "முழுங்கு" என்பாள். புதுசாக வந்த மருமகள்கள் முழிப்பார்கள். அவள் விடமாட்டாள். அப்படிப் பூசியதில் என் பெரியப்பா மகளுக்குக் கட்டி இருப்பதை ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டாள்.

போன தையில் என் மகளுக்கு வளைகாப்பு. அத்தைக்கு இப்போது விரல் நடுங்குகிறது. கிண்ணத்தை அத்தை மாமா பிடித்துக்கொள்ள, என் மகள் கழுத்தில் சந்தனத்தை வைத்து, "முழுங்குடி கண்ணு" என்றாள். மகள் சிரித்துக்கொண்டே விழுங்கினாள். அத்தை சிரிக்கவில்லை. விரலுக்கடியில் ஒன்றும் ஓடவில்லை என்று நிச்சயமான பிறகுதான் கையை எடுத்து, எங்கள் வீட்டுச் சாமி மாடத்துப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

அடுத்தது நான். அவள் விரல் கழுத்தில் பட்டதும், அவள் சொல்வதற்கு முன்னாலேயே விழுங்கிக் காட்டினேன்.